பின்னாலிருந்து எடுத்த படம்

நெய்க்காரப்பட்டி,
11-8-2025

மதிப்பிற்குரிய சம்பந்தி சின்னக்கண்ணு அவர்களுக்கு,

பெருமாள்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி பழனியம்மாளும், ஆடிக்கு அழைத்து வந்த மகள் சுகன்யாவும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கையில் போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். எனக்குக் காது மந்தம். நான் போனில் பேசினால் பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிக்கிறவன் மரத்திலிருந்தே பதில் சொல்வான். இது வீட்டுப் பெண்கள் காதில் விழக்கூடாத விஷயம்.

கல்யாணத்தின்போது நான் மாப்பிள்ளைக்குக் கொடுத்த வெள்ளைக் கார் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. அதனால் அந்த வண்டி ரோட்டில் என்ன தப்புச் செய்தாலும் மெசேஜ் என் போனுக்குத்தான் வருகிறது. ஆடி பிறந்ததிலிருந்து மூன்று முறை வந்துவிட்டது. இ-சேவை மையத்தில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன். திண்டுக்கல்லிலிருந்து வரும்போது பழனிக்குக் கொஞ்சம் முன்னால் புளியமரத்து இறக்கம் இருக்கிறதல்லவா, அங்கே வைத்திருக்கும் கேமராவில் சிக்கியிருக்கிறது. அறுபதில் போக வேண்டிய இடத்தில் முதலில் எண்பத்து நாலு. அடுத்தது எண்பத்து ஒன்பது. போன வாரம் தொண்ணூற்று இரண்டு. வாரா வாரம் ஏறிக்கொண்டே போகிறது.

அபராதம் எனக்குப் பெரிய கவலை இல்லை. மூன்றும் வெள்ளிக்கிழமை காலை. மாப்பிள்ளை அந்த நேரத்தில் திண்டுக்கல்லில் டிராக்டர் ஷோரூமில் இருக்க வேண்டியவர். ஆடியில் புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுப் படி ஏறக்கூடாது, ஏறவும் இல்லை. அது சரி. அப்படியானால் இத்தனை அவசரமாகப் பழனியில் யாரைப் பார்க்கப் போகிறார்?

ஒரு படத்தில் பின் கண்ணாடியை ஒட்டி வாழையிலைப் பொட்டலம் ஒன்று தெரிகிறது. பூ. சாமிக்கு வாங்கியதாக இருந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் பழனியில் சாமியும் உண்டு, தெருவுக்குத் தெரு லாட்ஜும் உண்டு. இங்கே என் மனைவியும் மகளும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் பிடித்துப் பழனி பெரியநாயகி அம்மன் கோயிலுக்குப் போய் உங்கள் மகன் நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள். அதே ஊருக்கு அவர் பூப்பொட்டலத்தோடு எவளைத் தேடி வருகிறார்? எழுதவே கை கூசுகிறது. நீங்கள் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெருமாள்சாமி

*

நாகல் நகர், திண்டுக்கல்,
14-8-2025

அன்புள்ள சம்பந்திக்கு,

சின்னக்கண்ணு எழுதுவது. உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே என் வீட்டுக்காரிதான். "என்னங்க, சம்பந்தி லெட்டரெல்லாம் போட்டுருக்காரு, ஏதும் விசேஷமா?" என்று கேட்டாள். ஆடிச் சீர் விஷயம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படிப் பொய் சொல்ல வைத்தது நீங்கள்தான்.

நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். பழனி ரோட்டில் எந்தப் பள்ளத்தில் எப்போது தண்ணீர் நிற்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அதனால் சொல்கிறேன், கேமரா சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. அந்த இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தால் பின்னால் வரும் லாரிக்காரன் நம் மேல் ஏறிவிடுவான். காலை எடுத்தால் வண்டி தானாகவே எண்பதைத் தொடும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கேமரா வைத்திருக்கிறார்கள். விபத்தைத் தடுக்கவா, வசூல் பண்ணவா என்று யாராவது கேட்டார்களா? ரோட்டைப் போட்டுவிட்டு வேகமாகப் போகாதே என்பது, இலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாதே என்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. ஓட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. எதற்காகப் போனாய், உள்ளே நோயாளி இருந்தாரா, ஒன்றும் கிடையாது. பின்னாலிருந்து ஒரு படம், பெயர் யாருடையதோ அவருக்கு ஒரு மெசேஜ், முடிந்தது தீர்ப்பு. உங்களைச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொல்கிறேன்.

என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். பழனிக்குமார் வண்டி ஓட்டினால் சைக்கிளில் போகிறவன்கூட மணி அடித்து வழி கேட்பான். நான்தான் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், அந்தக் கொடுமையைப் பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்தவன் நான். அவன் தொண்ணூற்று இரண்டில் போனான் என்றால் கேமராவைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். கேட்டேன். சர்வீஸ் வேலையாக ஒட்டன்சத்திரம் பக்கம் போனதாகச் சொன்னான். அவ்வளவுதான் விஷயம். மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆடி முடிந்ததும் மருமகளை அனுப்பி வையுங்கள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இப்படிக்கு,
சின்னக்கண்ணு

*

நெய்க்காரப்பட்டி,
18-8-2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சர்வீஸ் வேலை ஒட்டன்சத்திரத்தில், கேமரா பழனிக்குப் பக்கத்தில். கார் தனியாகக் கிளம்பி மீதித் தூரம் வந்ததா?

பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமையும் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. அன்று சுதந்திர தினம், ஊருக்கே லீவு. லீவு நாளில் எந்த டிராக்டருக்கு சர்வீஸ் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

நீங்கள் கேமராவைத் திட்டுகிறீர்கள். எனக்கு அதைப் பிடித்திருக்கிறது. அதற்கு மாமன் மச்சான் கிடையாது. யார் கையிலும் காபி வாங்கிக் குடிக்காது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி உங்கள் ஊரில் பலரிடம் விசாரித்தேன், ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. அன்றே அந்தக் கேமராவிடம் விசாரித்திருக்கலாம் போலிருக்கிறது. மெதுவாகப் போனவனுக்கு யாரும் அபராதம் போடுவதில்லை, சம்பந்தி. வேகமாகப் போனவன்தான் போர்டைக் குறை சொல்வான், இறக்கத்தைக் குறை சொல்வான்.

ஆவணி பிறந்துவிட்டது. ஆனால் மகளை இப்போது அனுப்புவதாக இல்லை. நல்ல நாள் பார்க்கிறேன் என்று பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளோ ஒன்றும் தெரியாமல் இன்னும் கோயிலுக்குப் போகிறாள். ஒன்பது வெள்ளி வேண்டுதலாம், ஆடியோடு முடியாதாம். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பி வருகிறாள். இவளிடம் போய் நான் எந்த வாயால் சொல்வது?

பெருமாள்சாமி

*

நாகல் நகர்,
23-8-2025

சம்பந்திக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் என் மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்தப் புளியமரத்து இறக்கத்துக்கே போய்விட்டேன். இளநீர்க் கடை நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். வருகிற வண்டிகளில் பாதிக்குமேல் கேமராவில் மாட்டிக்கொண்டுதான் போகிறது. ஏன் தெரியுமா? அங்கே அறுபது என்று போட்ட போர்டு இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. போர்டை முழுசாக மறைத்து ஒரு பெரிய பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ஏதோ காதணி விழாவாம். நடுவில் குழந்தை, சுற்றிலும் தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள்.

மூன்றாவது வரிசையில், கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கூப்பிக்கொண்டு நிற்பது நீங்கள்.

இளநீர்க் கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். வைகாசியில் கட்டியதாம், விசேஷம் முடிந்தும் யாரும் அவிழ்க்கவில்லையாம். அதாவது போர்டை உங்கள் முகத்தால் மறைத்துவிட்டு, போர்டைப் பார்க்கவில்லை என்று என் மகனைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

வண்டியை ஏன் உங்கள் பெயரிலேயே வைத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். நேரமில்லை என்று சொன்னீர்கள். பெயரை மாற்றிக் கொடுத்தால் மாப்பிள்ளை விற்றுவிடுவான், அடகு வைத்துவிடுவான் என்ற சந்தேகம். நாங்கள் உங்களிடம் கார் கேட்கவில்லை. கொடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டீர்கள்.

இவ்வளவும் எழுதிக் கடிதத்தை ஒட்டிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் தப்ரேஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். என்னோடு டிப்போவில் இருந்தவன், இன்னும் பழனி வண்டிதான் ஓட்டுகிறான். வந்து உட்கார்ந்ததும், "அண்ணே, நம்ம குமாருக்கு என்னாச்சு? நேத்து ஹாரன் அடிச்சு என் பஸ்ஸவே முந்திட்டுப் போறான். நான்கூட வேற யாரோன்னு நெனச்சேண்ணே" என்றான். நேற்றும் வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் மகனைக் கூப்பிட்டேன். "ஏலே, நெசத்தச் சொல்லு. பழனியில ஒனக்கு என்ன சோலி?" என்றேன். "ஒண்ணும் இல்லப்பா. என்னைய நம்புங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் மார்க் குறைந்தால் அப்படித்தான் நிற்பான். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சின்னக்கண்ணு

*

நெய்க்காரப்பட்டி,
26-8-2025

சம்பந்தி அவர்களுக்கு,

பிளெக்ஸில் நான் இருப்பது உண்மைதான். பங்காளி வீட்டு விசேஷம். எங்கே கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நானே அவிழ்த்துவிட்டேன். என் முகத்தை நானே சுருட்டி வண்டியில் ஏற்றியது எனக்கு நல்ல பாடம். வண்டியின் பெயர் விஷயத்தில் நீங்கள் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் சந்தேகப்படத்தான் செய்வான். சந்தேகப்பட்டது தப்பில்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே.

இருபத்திரண்டாம் தேதி மெசேஜும் வந்துவிட்டது. தொண்ணூற்று ஆறு.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்காக உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எனக்கு இப்போது இன்னொரு சந்தேகமும் வருகிறது. தகப்பனுக்கு முன்பே தெரிந்து, கேமரா, இறக்கம், போர்டு என்று பேசி நாளைக் கடத்தியிருப்பாரோ என்று. அப்படி இல்லாவிட்டால் மன்னியுங்கள்.

இந்த வாரத்துக்குள் உண்மை என்னவென்று எனக்கு வர வேண்டும். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நாகல் நகர் வருகிறேன். மகளின் நகை, துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன். காரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வாழ்க்கை போனது போனதாக இருக்கட்டும், அவமானத்தோடு இருக்க வேண்டாம்.

பெருமாள்சாமி

*

நாகல் நகர்,
29-8-2025

சம்பந்திக்கு,

இதைத் தோப்புக்கு எடுத்துப் போய்த் தனியாக உட்கார்ந்து படியுங்கள். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது. அதனால் தப்ரேஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் குமார் கிளம்புவதற்கு முன்பே நான் பழனி பஸ் ஏறிவிட்டேன். பெற்ற மகனை வேவு பார்க்க இப்படிக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பெரியநாயகி அம்மன் கோயில் தெருவில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் போய் நின்றுகொண்டேன். ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் தேடி எல்லோரும் அந்தத் தெருவைத்தான் சுற்றுவார்கள் என்பது என் பழைய அனுபவம்.

வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு அந்த வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். கோயில் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து, அத்தனை கூட்டத்திலும் கூச்சமில்லாமல் அவனே பூவை எடுத்து அவள் தலையில் வைத்தான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள்.

சம்பந்தி, அந்தப் பெண்ணைப் பெற்றவர் நீங்கள்.

இருவரும் எதிர்த் தெருவுக்குள் போனார்கள். லாட்ஜ் என்று நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியதும் தப்பில்லை. அதற்கு மேல் நான் எழுதினால் நன்றாக இருக்காது. கட்டிய மனைவியைப் பார்க்க அவன் லாட்ஜுக்குப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோயிலுக்குள் போய்ப் பார்த்தேன். சம்பந்தியம்மா மடியில் மகளின் கைப்பையை வைத்துக்கொண்டு பிராகாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "அண்ணா, அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பாக்காம சோறு திங்காமக் கெடந்துச்சுங்க. நாந்தான் கோயிலுக்குன்னு கூட்டியாந்தேன். ஆடி போயும் புள்ளைய அனுப்ப மாட்டேங்கறாரு, ஏன்னும் சொல்ல மாட்டேங்கறாருங்க" என்றார். என் மகன் வாயைத் திறக்காததும் இதனால்தான். அத்தை பெயர் கெட்டுவிடும் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறான்.

வேகத்துக்குக் காரணமும் தெரிந்துவிட்டது. ஷோரூமில் மூன்று மணி நேரம்தான் பர்மிஷன் கொடுப்பார்கள். நீங்கள் தோட்டத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் பெண்கள் பஸ் பிடித்து வீட்டில் இருந்தாக வேண்டும். நடுவில் மிச்சம் என்ன இருக்கிறது? சைக்கிளுக்கு வழி விட்டவன் தப்ரேஸ் பஸ்ஸை முந்தியது அதற்காகத்தான்.

ஆடியில் பிரித்து வைத்தது நாம். ஆவணியில் பிரித்து வைத்தது நீங்கள். கேமராவில் விழுந்ததற்கு அபராதம் கட்டச் சொல்லுங்கள், கட்டுவான். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்டதும் மிரட்டலாகத்தான். கேமரா இயந்திரம், கேட்காது. நாம் தன்மையாகக் கேட்டிருக்கலாம்.

சம்பந்தியம்மா இன்னொரு விஷயமும் சொன்னார். அதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் போட மாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
சின்னக்கண்ணு

*

நெய்க்காரப்பட்டி,
2-9-2025

அன்புள்ள சம்பந்திக்கு,

தோப்பில்தான் படித்தேன். எழுந்து வீட்டுக்குப் போகவே வெட்கமாக இருந்தது. இருட்டும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

பழனியம்மாளிடம் கேட்டேன். "நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. நீங்க எப்ப எங்களக் கேட்டீங்க?" என்றாள். நான் சத்தம் போடவில்லை. போட வேண்டிய ஆள் நான் இல்லை என்று தெரிந்துவிட்டது. இன்னொரு விஷயத்தையும் சொன்னாள். ஆடிக்கு அழைத்து வந்ததே எது நடக்கக்கூடாது என்பதற்காகவோ அது நடந்துவிட்டது. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையை நேராக வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். மகளை அனுப்பி வைக்கிறேன். நாள் பார்க்கவில்லை. அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ராசி போலிருக்கிறது. அவரிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள். அபராதம் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். மெதுவாக வரச் சொல்லுங்கள்.

பெருமாள்சாமி

*

நெய்க்காரப்பட்டி,
4-5-2026

அன்புள்ள சம்பந்திக்கு,

பேத்தியும் மகளும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு குழந்தை இன்னும் நன்றாகக் கண் திறந்து பார்க்கிறாள். சித்திரைக் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று என்னிடம் இங்கே இரண்டு பேர் இழுத்தார்கள். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மந்தக் காதால் இப்படியும் ஒரு உபயோகம்.

உங்களுக்கு எழுத வேண்டியது வேறு. நேற்று என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதே வெள்ளைக் கார், அதே புளியமரத்து இறக்கம், ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமை, நூற்று நாலு. இது உங்கள் காதுக்கு வேறு மாதிரி வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலையில் நான் திண்டுக்கல்லில் இருந்தேன். காரை மாப்பிள்ளை பெயருக்கு மாற்றித்தர ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்திருந்தோம், உங்களிடம்கூடச் சொல்லவில்லை. முடிந்த பிறகு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். வரிசையில் நிற்கும்போதுதான் பழனியம்மாள் போன் பண்ணினாள், வலி எடுத்துப் பழனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக. விண்ணப்பத்தைக் கொடுக்காமலே கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினோம்.

மாப்பிள்ளை நிதானமாகத்தான் ஓட்டினார். இறக்கம் வருவதற்கு முன்னாலேயே, "மாமா, இங்க அறுபதுதான்" என்று காலை எடுத்தார். போர்டு பளிச்சென்று தெரிந்தது, அதை மறைக்க ஒரு முகமும் இல்லை. "அதெல்லாம் தெரியுமுங்க மாப்ள, நீங்க அமுக்குங்க" என்று கத்தினேன். என் சத்தம்தான் உங்களுக்குத் தெரியுமே. பயந்துபோய் அமுக்கிவிட்டார். நாங்கள் போய் இறங்கிப் படி ஏறும்போது உள்ளே குழந்தை அழுதது.

படத்தை வாங்கிப் பார்த்தேன். வண்டியின் முதுகும் நம்பரும் மட்டும்தான் தெரிகிறது. உள்ளே யார் இருந்தார்கள், யார் யாரைப் பார்த்துக் கத்தினார்கள் என்பது அதில் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன், தப்பு என்னுடையது. வண்டியும் அன்றைக்கு இன்னும் என் பெயரில்தான் இருந்தது. இந்த ஒரு அபராதத்தைக் கட்டும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை, சட்டத்தின் மேலும் கோபமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தொட்டில் போடுகிறோம். சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தப்ரேஸையும் கூப்பிடுங்கள். பெயர் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த இறக்கத்தில் மட்டும் பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
பெருமாள்சாமி